மிதிச்சது மிதிச்சபடி

"காலை எடுத்துராத. முடியலன்னா எடுத்துட்டு இந்தப் பக்கமாக் குதிச்சிரு. வண்டி போனா போகுது." இம்புட்டையும் ஒரே மூச்சுல சொல்லிட்டு மொக்கராசு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, வந்த பாதையிலயே தரையைப் பாத்துக் குனிஞ்சபடி எறங்கிப் போயிட்டாரு. அவரு பொண்டாட்டி சுருளியம்மா ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, வலது காலை பிரேக்கு மேல ஊணிக்கிட்டு ஒக்காந்திருந்தா. இந்த ஜீப்பு வீட்டுக்கு வந்து இருபத்தஞ்சு வருசம் இருக்கும், இந்தச் சீட்டுல அவ ஒக்காந்தது இன்னிக்குத்தான். மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கிற வண்டியில கண்ணாடி வழியாப் பாத்தா பாதையே தெரியல, வெறும் வானந்தான் தெரிஞ்சது. பாதை பின்னாடி இருக்கு. பின்னாடி வளைவு, வளைவுக்கு அங்கிட்டுக் காப்பிச்செடி, அதுக்கும் கீழ ஓடை. வண்டி பின்னாடி உருண்டா வளைவுல திரும்பவா போகுது, நேராத்தான் போகும். அது சரி, அவரு கடைசியாச் சொன்னது என்ன. போனா போகுது. காலை எடுத்துராதன்னு சொன்ன வாய்தான அதையும் சொல்லுச்சு. சோறு குழைஞ்சா போனா போகுதுன்னு சொல்லுவாரு, பல்லு விழுந்தப்பக்கூடச் சொன்னாரு, இந்த வண்டியைப் பத்தி ஒரு நாளும் சொன்னதில்ல. பம்பரு லேசா நசுங்குனதுக்கே மூணு வேளை சாப்புடாம இருந்த ஆளு.

நடந்தது இதுதான். கொழுக்குப்பாறைச் சரிவுல இருந்து தார் ரோட்டுக்கு ஏறுற கல்லுப்பாதையில வண்டி முக்கி முனகி வந்துக்கிட்டிருந்துச்சு. திடீர்னு அடியில டிங்குன்னு ஒரு சத்தம், ஓட்டுல காசு விழுந்த மாதிரி. மொக்கராசு அதைக் கண்டுக்காம இன்னும் கொஞ்சம் ஏத்திட்டாரு, அப்புறம் கீரு மாத்தலாம்னு கிளச்சை மிதிச்சா மிதி பொதக்குனு உள்ள போயிருச்சு, வண்டி ரெண்டு குதி குதிச்சு நின்னுருச்சு. கிளச்சு மிதிக்குக் கீழ ஒரு கம்பி போகுது, அந்தக் கம்பியை மாட்டியிருக்கிற பின்னு கழண்டு விழுந்துருச்சாம். விரல் நீளம் இருக்குமாம். அது இல்லாமக் கீரு விழுகாது. கீருல போட்டு நிறுத்தலாம்னா அது துள்ளி வெளிய வந்துரும், அந்த வியாதி அதுக்கு ரொம்ப நாளா இருக்கு. கை பிரேக்கு ஒன்னு இருக்கு, அதுல குடையை மாட்டி வைக்கலாம், வேற ஒன்னுத்துக்கும் ஆகாது. அதனாலதான் மலை வண்டியில எல்லாம் சக்கரத்துக்குக் கட்டை போடுவாக. வண்டி நின்ன ஒடனே மொக்கராசு சொன்ன மொத வார்த்தையே, "எறங்கிக் கட்டையப் போடு சுருளி." "கட்டை இல்ல." "எங்க போச்சு?" "நேத்து வெந்நி போட்டேன்ல." அவரு அவ மூஞ்சியைப் பாத்தாரு. வஞ்சிருந்தாத் தேவல. அப்புறம் பிரேக்குல தன் காலுக்குப் பதிலா அவ காலை வைக்கச் சொல்லி, அவளை இந்தப் பக்கம் இழுத்து ஒக்கார வச்சு, ஓரத்துல கெடந்த ஒரு கல்லைக் காலால தள்ளிச் சக்கரத்துக்கு அண்டை குடுத்தாரு. ராத்திரி பேஞ்ச மழையில மண்ணு ஊறிக் கெடக்கு, கல்லு அதுல எத்தனை நேரம் நிக்கும்.

வேணும்னேவா எரிச்சா? அது கட்டைன்னு எப்பிடித் தெரியும், பின்னாடி சீட்டுக்கு அடியில கருப்பாப் பிசுபிசுன்னு கெடந்துச்சு. அதோட ஒரு சாக்கு, ஒரு துருப்பிடிச்ச டப்பா, பாதிக் கயிறு, தேங்காச் சிரட்டை, ஒத்தைச் செருப்பு. இன்னிக்குப் போடியில ஒருத்தன் வண்டியை வாங்குறதுக்கு வந்து நிக்கிறான். பொண்ணு பாக்க வாராகன்னா வீட்டைக் கூட்டாம இருப்பாகளா. அதான் நேத்துக் காலையில இருந்து பொழுது சாயுற வரைக்கும் சோப்புத்தூள் போட்டுத் தேச்சுக் கழுவுனா. அவரு அங்கிட்டு இங்கிட்டு நடந்துக்கிட்டே இருந்தாரு, வேணாம்னும் சொல்லல, கையும் குடுக்கல. ரெண்டு தரம் இப்பிடி விக்கப் போயிட்டுத் திரும்பி வந்திருக்காரு மனுசன். மொத தரம், வாங்க வந்தவன் டயரை ஒதைச்சுப் பாத்தானாம், ஒதைக்கிறவனுக்கு எப்பிடிக் குடுக்கன்னு வந்துட்டாரு. ரெண்டாவது தரம் வந்தவன் ஒன்னும் செய்யல, அதனாலயே பிடிக்கலையாம். இந்தத் தரம் விடக் கூடாதுன்னுதான் சுருளியம்மா சீலையை மாத்திக்கிட்டுத் தானும் ஏறி ஒக்காந்தா. இவன் கோயம்புத்தூர்க்காரன். மேல எங்கயோ லாட்ஜு கட்டுறானாம், வாசல்ல நிப்பாட்டி, முன்மூடியைத் தெறந்து வச்சு, அதுக்குள்ள மண்ணு கொட்டிப் பூச்செடி வைக்கப் போறானாம், வர்றவுக போட்டா எடுப்பாகளாம். அவளுக்கு என்ன, செடி வைக்கட்டும், கோழி அடைக்கட்டும். அவளுக்கு வேண்டியது ஒரு லோடு ஆட்டோ. கதவு இருக்கும். கதவைச் சாத்துனா சாத்திக்கும். மழை பேஞ்சா மழை வெளியில பேயும். அவ கேட்டது அவ்வளவுதான், இதுல என்ன பேராசை இருக்கு.

மிதி எறங்குது. இந்த பிரேக்கு ஒரு தினுசு. மிதிச்சாப் பிடிக்கும், பிடிச்சுக்கிட்டே மெதுமெதுவா உள்ள எறங்கும், தண்ணியில ஊறுன மண்ணுல கால் வச்ச மாதிரி. முழுசா எறங்கிட்டா அப்புறம் பிடிக்காது. அதுக்கு முன்னாடி வெடுக்குனு காலை எடுத்துத் திருப்பி மிதிக்கணும்னு அவரு சொல்லிட்டுப் போயிருக்காரு, அப்ப வண்டி ஒரு சாண் பின்னாடி போகும், பயந்துராதன்னாரு. எடுத்தா. மிதிச்சா. வண்டி ஒரு தரம் ஒடம்பை அசைச்சுக்கிட்டு நின்னுச்சு. அவ காலுக்குப் பக்கத்துல தளத்துல ஒரு ஓட்டை, தகரம் இத்துப்போனது, உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். அது வழியாத் தரை தெரியும். ஒரு புல்லுக்கொத்து இப்பத்தான் ஓட்டைக்கு நடுவுல இருந்துச்சு, இப்ப ஓரத்துக்கு நகந்து போயிருச்சு. புல்லா நகரும், நம்மதான் நகந்திருக்கோம். இந்த ஓட்டை வழியா அவ எத்தனை ஊரு மண்ணைப் பாத்திருக்கா. தம்பி மக கல்யாணத்துக்கு உத்தமபாளையம் போனப்ப இது வழியாத்தான் சேறு தெறிச்சுப் பட்டுச்சீலை நாசமாச்சு. சீலை போனாக்கூடப் பரவாயில்ல, நாலு கிலோமீட்டருக்கு முன்னாடி பெல்ட்டு அந்து நின்னு, தாலி கட்டுற நேரத்துக்கு அவ ரோட்டோரத்துல ஒரு புளியமரத்தடியில சீர்த் தட்டை மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா. அந்த வழியாப் போன ஒரு கெழவி, நேத்திக்கடனான்னு கேட்டுட்டு ஒரு வாழைப்பழத்தைத் தட்டுல போட்டுட்டுப் போனா. தம்பி பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் பேசுறது இல்ல. அத விடு. ஓட்டைக்குள்ள அந்தக் கம்பி தொங்குறது தெரியுது, கிளச்சுக் கம்பி. அதுல நேத்து அழுக்கா ஒரு துணி முடிச்சு இருந்துச்சே. குனிஞ்சு தளத்தைத் தேய்க்கிறப்பக் கையில பட்டுச்சு, கிரீசும் முடியுமா ஈரல் மாதிரி இருந்துச்சு, பிளேடை எடுத்து அறுத்துத் தூரப் போட்டா. பின்னு அதுலதான் நின்னுக்கிட்டு இருந்துச்சோ. அதுலதான் நின்னுருக்கும். வேற எதுல நிக்கும். இந்த வண்டியில ஆணி பிடிச்சு நிக்கிறதை விடக் கந்தல் பிடிச்சு நிக்கிறதுதான் அதிகம். அவ அழுக்குன்னு எடுத்ததெல்லாம் வண்டி, வண்டின்னு கழுவி வச்சதுதான் வெறும் தகரம் போல. அவருக்குத் தெரியுமா. கட்டை போனது தெரியும், துணி போனது தெரியாது. சொல்லவா வேணாமா. கேட்டாச் சொல்லலாம்.

பின்னு கெடைக்கலன்னா என்ன செய்ய. கெடைக்கும். மத்த மனுசங்களுக்குக் காது கேக்குறதுக்கு, இவருக்கு வண்டிச் சத்தம் கேக்குறதுக்கு, டிங்குன்னது எந்த எடத்துலன்னு மறந்திருக்காது. அவளுக்கும் அந்தப் பழக்கம் ஒட்டிருச்சு. சாயங்காலம் அடுப்படியில நின்னாத் தெரிஞ்சிரும், ஈட்டிமர வளைவுல ஏறுறப்ப ஒரு இருமல் இருமும், அப்ப ஒலை வைக்கணும். பாலத்துல தடதடன்னு வரும், அப்ப அரிசி போடணும். வீட்டுக்கு முன்னாடி நின்னு அணைச்ச பெறகும் ரெண்டு தரம் திமிறும், அப்ப கஞ்சி வடிக்கச் சரியா இருக்கும். ஒரு நா அவரு ஈட்டிமரத்துல நின்னு யாருகூடயோ பேசிட்டாரு, சோறு களியாப் போச்சு, அதுக்கும் அவரைத்தான் வஞ்சா. லோடு ஆட்டோ வந்தா எப்பிடி இருக்கும், எல்லா லோடு ஆட்டோவும் ஒரே மாதிரித்தான கத்தும். சரி, கடிகாரத்தைப் பாத்துச் சோறாக்க வேண்டியதுதான், ஊருல எல்லாரும் அப்பிடித்தான ஆக்குறாக. மாசித் திருவிழாவுல அம்மனை ஏத்திக்கிட்டுப் போற டிராக்டரு சேத்துல எறங்கிருச்சு ஒரு வருசம். இந்த ஜீப்புதான் முன்சக்கரத்துக் கீரும் போட்டு அம்மனைச் சுமந்துக்கிட்டு ஓடைக்குள்ள எறங்கி ஏறுச்சு. பாதியில ஹாரன் ஒட்டிக்கிச்சு. அங்க இருந்து ஆத்தங்கரை வரைக்கும் விடாம ஒரே ஊளை. கொட்டுக்காரங்க அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, இதுக்கு மேல என்னத்த அடிக்கன்னு கொட்டை எறக்கி வச்சுட்டாங்க. பூசாரிக்கு அருள் வந்துருச்சு, வந்த அருள் ஹாரன் நிக்கிற வரைக்கும் போகல, பாவம் மனுசன் வயசாளி, ஆடி ஆடி மறுநா எந்திரிக்க முடியல. அன்னிக்கு ஊரே வண்டி மூஞ்சியில சந்தனம் பூசுச்சு. மொக்கராசு மாப்பிள்ளை மாதிரி ஒக்காந்திருந்தாரு. அவளும் சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னா. அதை இல்லைன்னு சொல்ல முடியாது.

மிதி எறங்குது. எடுத்தா, மிதிச்சா. இந்தத் தரம் ஒரு சாண் இல்ல, கூடப் போச்சு. ஓட்டையில புல்லுக்கொத்து காணாமப் போயி வேற மண்ணு வந்துருச்சு. கெண்டைக்கால் நடுங்குது, துணி தைக்கிற மிஷினு மாதிரி அதுபாட்டுக்கு ஆடுது. அப்பத்தான் பின்னாடி இருந்து ஆள் அரவம் கேட்டுச்சு. வீரசின்னு, பக்கத்துத் தோட்டத்துல வேலை பாக்கிறவ, தலையில புல்லுக்கட்டோட மேல ஏறி வந்தா. "என்ன மதினி, வண்டி எல்லாம் ஓட்டுறீக?" "ஓட்டல ஆத்தா, ஒக்காந்திருக்கேன். அந்தக் கல்லை நல்லா அண்டை குடு, நகருது." வீரசின்னு தலைச்சுமையை எறக்காமலே கால் கட்டைவிரலால கல்லைத் தள்ளுனா. "மண்ணுக்குள்ள போயிருச்சு மதினி, இது நிக்காது. அண்ணன் என்னத்துக்கு அங்க ஒக்காந்திருக்காரு?" "எங்க?" "ரெண்டாவது வளைவுல, பாறை மேல. என்னண்ணேன்னு கேட்டேன், பேசாதன்னு கையக் காட்டுனாரு. ரேடியா கேக்குற மாதிரி தலையச் சாச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காரு." "பின்னு தேடுறாரு." "கையில என்னமோ வச்சிருந்தாரு மதினி. ஆணி மாதிரி." சுருளியம்மா கழுத்தைத் திருப்பி வளைவைப் பாத்தா. "மாட்டுக்குப் போடணும், வாரேன். புதுச்சீலை நல்லா இருக்கு, பிரேக்கு போடுறதுக்கா கட்டுனீக"ன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே அவ ஏறிப் போயிட்டா.

கையில ஆணி மாதிரி. அப்பப் பின்னு கெடைச்சிருச்சு. ரெண்டாவது வளைவு என்ன தூரத்துலயா இருக்கு, கூப்புட்டாக் கேக்கும். பின்னையும் எடுத்துக்கிட்டு எதுக்கு ஒக்காரணும், முடியலையோ, மாரு வலியோ, மாரு வலின்னாக் கையக் காட்டிப் பேசாதன்னு சொல்லுவாகளா, தலையச் சாச்சுக்கிட்டு ஒக்காருவாகளா. என்னத்தக் கேக்குறாரு. இங்க கேக்குறதுக்கு என்ன இருக்கு, காத்து இருக்கு, ஓடை இருக்கு, நான் இருக்கேன், வண்டி இருக்கு. வண்டி அணைஞ்சு கெடக்கு. அணைஞ்ச வண்டியில என்ன சத்தம் வரும். உருண்டா வரும். காப்பிச்செடி முறியுற சத்தம் வரும், அப்புறம் ஓடையில கல்லுல மோதுற சத்தம் வரும். போனா போகுது. மனுசன் வாயில இருந்து அது தெரியாம வரல. அவருக்கு விக்கவும் முடியல, வச்சுக்கவும் வழி இல்ல, தானாத் தள்ளிவிடவும் கை வரல, அதனால அவ காலுல குடுத்துட்டுப் போயிட்டாரு. போடியில நிக்கிறவன் பூச்செடி வைக்க வேணாம், யாரையும் யாரும் கொறை சொல்ல வேணாம், முடியல எடுத்துட்டேன்னு அவ சொல்லுவா, போனா போகுதுன்னு அவரு சொல்லுவாரு. அவளுக்கும் லாபந்தான. வலது பக்கம் மண்கரை, கையூணி எறங்குனா எறங்குனதுதான். கட்டையை எரிச்சவ, துணியை அறுத்தவ, இதையும் செஞ்சா என்ன கூடிப் போகுது. இடது காலை எடுத்து வலது காலைத் தாண்டி வெளிய வச்சா. மண்கரை காலுக்கு எட்டுச்சு. வலது கால் அங்கயே இருந்துச்சு. எடுன்னு சொல்லிப் பாத்தா. மிதிக்கு அடியில இருந்து வண்டி அவ உள்ளங்காலை இழுக்குறது தெரிஞ்சது, கட்டுத்தறியில மாடு கயித்தை இழுக்குற மாதிரி, கோவமில்லாம, சும்மா ஒரு கனம். இத்தனை வருசம் இதுல போயிருக்கா, அதோட கனம் இன்னிக்குத்தான் தெரியுது. மிதி எறங்குச்சு. வெடுக்குனு எடுத்தா, எடுத்த கால் அந்தரத்துல ஒரு நொடி நின்னுச்சு, வண்டி கெளம்புச்சு, அவ வாயில இருந்து என்னமோ கெட்ட வார்த்தை வந்துச்சு, மிதிச்சா. நின்னுச்சு. இடது காலையும் உள்ள இழுத்து வச்சுக்கிட்டா.

அதுக்கு அப்புறந்தான் மொக்கராசு வந்தாரு. அவசரம் இல்லாம, தோளு மேல ஒரு பெரிய கல்லைச் சொமந்துக்கிட்டு. கல்லைச் சக்கரத்துக்குப் பின்னாடி போட்டுட்டு, அவளைப் பாக்காமலே சொன்னாரு, "இன்னுங் கொஞ்ச நேரம் மிதிச்சுக்க. கல்லை முழுசா நம்ப முடியாது." மல்லாந்து படுத்து அடியில நகந்து போனாரு. தோளு முன்சக்கரத்துக்குப் பின்னாடி, தலை ஓட்டைக்கு நேரா. இத்தனை நேரம் மண்ணு தெரிஞ்ச ஓட்டையில இப்ப அவரு மூஞ்சி தெரிஞ்சது, பாதி மூஞ்சி, ஒரு கண்ணும் மூக்கும். "எங்க கெடந்துச்சு?"ன்னு கேட்டா. "வளைவுல." "எடுத்துட்டு ஒடனே வர வேண்டியதுதான." கம்பி ஒரசுற சத்தம் கேட்டுச்சு. "ஒக்காந்திருந்தேன்." "தெரியும், வீரசின்னு சொன்னா." "சத்தம் வருதான்னு பாத்தேன்,"ன்னாரு. "வந்திருந்தா?" "வரலையே." "அதுக்கு என்னைய ஏன்யா நடுவுல ஒக்கார வச்சீக? குதிக்கத் தெரியாம நானும் சேந்து போயிருந்தா அங்கன ஒக்காந்து எந்தச் சத்தம் எதுன்னு பிரிச்சுக் கேட்டிருப்பீகளா?" ஓட்டைக்குள்ள இருந்த கண்ணு மூடித் தெறந்துச்சு. "நீ எடுக்க மாட்டன்னு தெரியும்." "என்னத்தத் தெரியும். ரெண்டு தரம் எடுக்கப் பாத்தேன்." ஓட்டையில தெரிஞ்ச கண்ணு சுருங்குச்சு, சிரிக்கிறாரு போல. "இதுல ஒரு துணி கட்டியிருந்தேன், எங்க விழுந்துச்சோ." "விழுகல. அழுக்கா இருந்துச்சு, அறுத்துப் போட்டேன்." சிரிப்பு நின்னுருச்சு. அப்புறம், "கட்டுறதுக்கு ஏதாச்சும் குடு,"ன்னாரு. அவ கைக்கு எதுவும் எட்டல. எல்லாத்தையும் கழுவித் தொடச்சுல்ல வச்சிருக்கா. அடியில அவரு இடுப்பைத் தடவுறது கேட்டுச்சு, பல்லுல எதையோ கடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அரைஞாண் கயிறு. குடலிறக்கத்துக்கு ஆபரேசன் பண்ணுனப்பவே நர்ஸம்மாகிட்டச் சண்டை போட்டுக் கழட்ட மாட்டேன்னு நின்ன மனுசன். அப்ப மிதி எறங்குச்சு.

இப்பத்தான் அவளுக்கு என்ன செய்யன்னே தெரியாமப் போச்சு. கீழ அவரு தோளு, சக்கரம் ஒரு மொழம் தள்ளி. எடுத்து மிதிச்சா ஒரு சாண் போகும், ஒரு சாண்னு அவரு சொன்னது, போன தரம் கூடப் போச்சு. எடுக்காம இருந்தா முழுசா எறங்கிரும். சொல்லலாம்னா அவரு நகந்து வெளிய வர்றதுக்குள்ள எறங்கிரும். ஓட்டையில அந்த ஒத்தைக் கண்ணு முடிச்சைப் பாத்துக்கிட்டு இருக்கு, இவளைப் பாக்கல. கால் இருக்கிறதே தெரியல, தொடைக்குக் கீழ மரக்கட்டை. எடுத்தா. மிதிச்சா. வண்டி ஒரு அசைவு அசைஞ்சு, அவரு சொமந்து வந்த கல்லு மேல முதுகைச் சாச்சுக்கிட்டு நின்னுச்சு. அடியில இருந்து, "ம்,"னு ஒரு சத்தம். "என்ன?"ன்னா. "ஒன்னுமில்ல, முடிச்சு விழுந்துருச்சு." அவரு வெளிய வந்து மண்ணைத் தட்டிவிட்டுட்டு இந்தப் பக்கம் வந்தாரு. "எடு காலை." "வர மாட்டேங்குது." அவரு ஏறி அவளோட ஒட்டி ஒக்காந்து, தன் காலை அவ கால் மேலயே வச்சு மிதிச்சு, ரெண்டு கையாலயும் அவ கணுக்காலைப் பிடிச்சு உருவி எடுத்தாரு. அவளை அங்கிட்டு நகத்துனாரு. சாவி தொலைஞ்சு போயி வருசக் கணக்காச்சு, கரண்டிக் காம்பைப் போட்டுத்தான் திருகுவாரு. திருகுனாரு. வண்டி இருமுச்சு, திமிறுச்சு, கல்லை விட்டு ஏறுச்சு.

தார் ரோட்டுல ஏறுனதும் இடது பக்கம் போடிக்கு எறக்கம். மொக்கராசு ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சாரு. "இன்னிக்குச் செவ்வாக்கெழம,"ன்னா சுருளியம்மா, கண்ணாடியைப் பாத்துக்கிட்டே. "செவ்வாக்கெழமையில யாராச்சும் வண்டியைக் கை மாத்துவாகளா." வண்டி வேகம் கொறைஞ்சுச்சு. "இன்னிக்குப் பொதன்,"ன்னாரு அவரு. "பொதன்லயுந்தான் மாத்த மாட்டாக." மரத்துப்போன காலைத் தூக்கி மடியில வச்சுத் தேய்க்க ஆரம்பிச்சா. ரோடு அந்த எடத்துல ஒடுக்கம், வீட்டுப் பக்கம் திருப்பணும்னா நாலஞ்சு தரம் முன்னையும் பின்னையும் எடுத்தாத்தான் முடியும், பின்னாடி கைப்பிடிச் சுவரும் இல்ல. மொக்கராசு கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பாத்தாரு, அப்புறம் அவ காலைப் பாத்தாரு. "சும்மா என்னைப் பாக்காம வண்டியைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு அவ நொண்டிக்கிட்டே எறங்குனா, ஓரத்துல கெடந்த கல்லுல நல்லதா ஒன்னைத் தூக்கிக்கிட்டுப் பின்சக்கரத்துக்குப் பக்கத்துல போயி நின்னா. "வரட்டும்,"னா. "வரட்டும், வரட்டும்."